பாட்டைச் சொல்கிறேன், ஆளைச் சொல்ல மாட்டேன்: பீட் சீகர் வழக்கு

1955 ஆகஸ்ட் 18 அன்று நியூயார்க் ஃபோலி சதுக்க நீதிமன்றக் கட்டடத்தில், கம்யூனிஸ்ட் தொடர்புகளைத் துருவிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன், நாட்டுப்பாடகர் பீட் சீகரிடம் நீட்டப்பட்ட ஆவணங்களில் ஒன்று, எட்டு வருடப் பழைய பத்திரிகை அறிவிப்பு. கம்யூனிஸ்ட் நாளேடான 'டெய்லி வொர்க்கர்' 1947 ஜூன் 20 அன்று வெளியிட்டது. இன்றிரவு பிராங்ஸில், அலர்ட்டன் பிரிவின் புதுமனை விழாவில் பீட்டர் சீகர் கிதாருடன் பாடுகிறார் என்பதுதான் அதன் மொத்தச் செய்தி. அதைக் காட்டிய குழுவின் வழக்கறிஞர் ஃபிராங்க் டாவென்னர், அலர்ட்டன் பிரிவு என்பது கம்யூனிஸ்ட் கட்சியின் கிளையா என்று கேட்டார்.

பதில் சொல்ல மறுத்தார் சீகர். அந்த மறுப்பும் அன்றைக்கு வந்த வேறு சில மறுப்புகளும் சேர்ந்து பத்துக் குற்றச்சாட்டுகளாக உருவெடுத்தன. வழக்கு முடிய ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆயின. சீகரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'கொள்கைக்காக நின்றார், வென்றார்' என்று முடித்துவிடுகிறார்கள். நின்றது உண்மை. வழக்கில் வென்றது கொள்கை அல்ல. அது வேறு கதை.

குழுவுக்கு அவர் ஏன் தேவைப்பட்டார்

சீகர் 1919 மே 3-ல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர், தாய் வயலின் கலைஞர். ஹார்வர்டில் சேர்ந்து 1938-ல் படிப்பைப் பாதியில் விட்டார். நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்பாடல் ஆவணப் பிரிவில் ஆலன் லோமாக்ஸுக்கு உதவியாளராக இருந்தார். 1940 மார்ச்சில் புலம்பெயர் விவசாயத் தொழிலாளருக்காக நிதி திரட்டிய ஒரு கச்சேரியில் நாட்டுப்பாடகர் வுடி கத்ரியைச் சந்தித்தார்.

அரசியலைப் பொறுத்தவரை மூடி மறைக்க ஒன்றுமில்லை. 17 வயதில் இளம் கம்யூனிஸ்ட் அமைப்பில் சேர்ந்தார், 1942-ல் கட்சி உறுப்பினரானார், 1949 வாக்கில் விலகினார். 1941-ல் அவரும் நண்பர்களும் நடத்திய 'அல்மனாக் சிங்கர்ஸ்' குழு, அமெரிக்கா போருக்குப் போகக் கூடாது என்று ஒரு இசைத்தட்டு முழுக்கப் பாடியது. ஹிட்லர் படை ஜூன் 22-ல் சோவியத் எல்லையைத் தாண்டியதும் அந்தத் தட்டு சந்தையிலிருந்து மறைந்தது. 1942-ல் அதே குழு, போரில் இறங்கி ஹிட்லரை முறியடிப்போம் என்று பாடியது. கட்சி திரும்பிய பக்கம் பாட்டும் திரும்பியது என்று எதிராளிகள் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. சீகரை நேசிப்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவது சரியல்ல.

அவரைப் பற்றிய அரசாங்கக் கோப்பு தொடங்கியதோ இந்தத் தட்டால் அல்ல. 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினரை நாட்டை விட்டு வெளியேற்றச் சொன்ன அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்புக்கு அவர் கண்டனக் கடிதம் எழுதினார். அவர் மணக்கவிருந்த டோஷி ஓட்டாவின் தந்தை ஜப்பானியர். கடிதம் எழுதிய ஆள் அப்போது ராணுவத்தில் சேர்ந்துவிட்டிருந்ததால் ராணுவ உளவுப் பிரிவு விசாரணையில் இறங்கியது. பிற்காலத்தில் எஃப்.பி.ஐ. சேர்த்ததையும் உள்ளடக்கி, 2015-ல் வெளியான அந்தக் கோப்பு 1,700 பக்கங்களைத் தாண்டியது.

இத்தனைக்கும், யாருக்கும் தெரியாத இடதுசாரிப் பாடகராகவே அவர் இருந்திருந்தால் விசாரணைக் குழு அவரைத் தேடியிருக்காது. 1950-ல் அவருடைய 'வீவர்ஸ்' நால்வர் குழு பாடிய 'குட்நைட் ஐரீன்' 13 வாரம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் 'ரெட் சானல்ஸ்' என்ற சிறு நூல் வந்தது. கம்யூனிஸ்ட் சாய்வு உள்ளவர்கள் என்று வானொலி, தொலைக்காட்சித் துறையைச் சேர்ந்த 151 பேரின் பெயரும், ஒவ்வொருவர் கீழும் அவர் எந்தெந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டார் என்ற விவரமும் அதில் இருந்தன. சீகர் பெயரும் இருந்தது. 1952-ல் ஹார்வி மட்டுசோ என்ற எஃப்.பி.ஐ. உளவாளி, வீவர்ஸில் மூவர் கட்சிக்காரர்கள் என்று சாட்சியம் சொன்னார். அரங்கங்கள் கைவிட்டன, டெக்கா இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தத்தைத் தொடரவில்லை, குழு கலைந்தது. 1955-ல் மட்டுசோ தன் சாட்சியங்களில் பல பொய் என்று தானே ஒப்புக்கொண்டார். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

மூன்று வழிகள்

பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோதச் செயல்கள் விசாரணைக் குழு சம்மன் அனுப்பினால் சாட்சிக்கு மூன்று வழிகள் இருந்தன.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கூட இருந்தவர்களின் பெயர்களையும் தருவது முதல் வழி. நாட்டுப்பாடகர் பர்ல் ஐவ்ஸ் 1952-ல் செனட் துணைக்குழு முன்னால் ஒத்துழைத்தார். அவருடைய தொழில் பிழைத்தது, பழைய நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லி மௌனமாக இருப்பது இரண்டாவது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அந்தத் திருத்தம். சிறை கிடையாது. ஆனால் 'ஐந்தாவது திருத்தக் கம்யூனிஸ்ட்' என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும், வேலை போகும். வீவர்ஸில் அவருடன் பாடிய லீ ஹேஸ் அதே ஆகஸ்டில் இந்த வழியைத்தான் எடுத்தார். இதில் ஒரு பொறியும் உண்டு. டென்வர் நகரக் கட்சியின் பொருளாளராக இருந்ததை ஒப்புக்கொண்ட ஜேன் ராஜர்ஸ், கணக்குப் புத்தகங்களை யாரிடம் ஒப்படைத்தார் என்பதை மட்டும் சொல்ல மறுத்தார். முதல் கேள்விக்கு வாயைத் திறந்துவிட்டதால் அடுத்ததற்கு மூட முடியாது என்று 1951-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாட்சிகள் அற்பமான கேள்விக்குக்கூட வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கல்லுளிமங்கத்தனமாகத் தெரிந்தது.

மூன்றாவது, முதல் திருத்தத்தின் மேல் நிற்பது: பேச்சும் சிந்தனையும் கூடுகையும் என் சொந்த விஷயம், கேட்க உங்களுக்கு அதிகாரமில்லை என்பது. 1947-ல் ஹாலிவுட் திரையுலகின் பத்துப் பேர் இதே குழுவின் முன் இதைச் செய்து 1950-ல் சிறைக்குப் போனார்கள். இந்த வழியில் போனால் ஜெயில் என்பது எல்லா வக்கீலுக்கும் தெரியும்.

சீகர் மூன்றாவதை எடுத்தார். ஐந்தாவது திருத்தத்தைத் தான் பயன்படுத்தவில்லை என்பதையும் விசாரணையிலேயே தெளிவுபடுத்தினார்.

ஒரு கேள்வி எழும். கட்சியிலிருந்து விலகி ஆறு வருடமாகியிருந்தது. 'நான் உறுப்பினர் இல்லை' என்று உண்மையையே சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி 'எப்போதாவது இருந்தீர்களா'. அதற்கும் பதில் வந்தால் 'உங்கள் கிளையில் வேறு யார் யார்'. முதல் படியில் கால் வைத்தவர் மூன்றாவது படியில் நண்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டும், அல்லது அங்கே அவமதிப்புக் குற்றத்தில் மாட்ட வேண்டும். டாவென்னரின் கேள்விகள் அந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டிருந்தன.

அறையில் நடந்தது

குழுவின் தலைவர் பென்சில்வேனியாவின் பிரான்சிஸ் வால்டர். சீகருடன் இருந்த வழக்கறிஞர் பால் ராஸ். தொழில் என்ன என்று கேட்டபோது, பேஞ்சோ (தந்திக் கருவி) வாசித்துப் பிழைக்கிறேன், சிலர் கண்ணில் அதுவே பெரிய குற்றம்தான் என்றார் சீகர். பிறகு தன் நிலையைச் சொன்னார். என் தொடர்புகள், தத்துவ, மத, அரசியல் நம்பிக்கைகள், எந்தத் தேர்தலில் யாருக்கு வாக்களித்தேன் என்ற எதற்கும் பதில் சொல்ல மாட்டேன். எந்த அமெரிக்கனிடமும், அதுவும் இப்படி நெருக்கடி கொடுத்து, இவற்றைக் கேட்பது முறையல்ல.

அதன் பிறகு அவர் போட்ட கோடுதான் இந்த வழக்கிலேயே கூர்மையான இடம். நான் பாடிய எந்தப் பாட்டைப் பற்றியும் பேசத் தயார், பாடுவது என் தொழில். ஆனால் யார் அதைக் கேட்டார்கள், யார் எழுதினார்கள், வேறு யார் பாடினார்கள் என்று சொல்ல மாட்டேன். குறிப்பிட்ட ஒரு பாட்டை ஒரு விடுதியில் பாடினீர்களா என்று குழு துருவியபோது, அந்தப் பாட்டையே பாடிக் காட்டுகிறேன் என்றார். குழுவுக்குப் பாட்டு வேண்டாம், இடமும் தேதியும்தான் வேண்டும். நாடோடிகள் தங்கும் இடங்களிலும் பாடியிருக்கிறேன், ராக்ஃபெல்லர் குடும்பத்துக்கும் பாடியிருக்கிறேன், கேட்க வந்தவர் யாராக இருந்தாலும் பாட மறுத்ததில்லை, அதில் எனக்குப் பெருமை என்றும் சொன்னார்.

கவனிக்க வேண்டியது, தான் குற்றமற்றவன் என்று அவர் ஒரு இடத்திலும் வாதாடவில்லை. கேள்வியே தவறு என்பது மட்டும்தான் அவர் வாதம்.

சபையிலிருந்து சிறை அறை வரை

நாடாளுமன்ற அவமதிப்புச் சட்டம் 1857-ல் வந்தது. சம்மனுக்கு வந்து, விசாரணைக்குத் தொடர்புடைய கேள்விக்குப் பதில் மறுப்பவருக்கு 1 மாதம் முதல் 12 மாதம் வரை சிறை, 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம். ஒவ்வொரு கேள்வியும் தனிக் குற்றம். குழு தானாகத் தண்டிக்க முடியாது. முழுச் சபையும் வாக்களித்து அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டும், கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) குற்றப்பத்திரிகை தர வேண்டும், அதன் பிறகு சாதாரணக் குற்ற வழக்குப் போல நடக்கும்.

1956 ஜூலை 25-ல் சபை 373-க்கு 9 என்ற கணக்கில் வாக்களித்தது. அன்று சிக்கிய மற்றவர்களில் நாடகாசிரியர் ஆர்தர் மில்லரும் ஒருவர். 1957 மார்ச் 26-ல் குற்றப்பத்திரிகை வந்தது. ஜாமீனில் இருந்த நான்கு ஆண்டும் நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்ற எல்லையைத் தாண்டும்போதெல்லாம் எங்கே போகிறேன் என்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஹட்சன் ஆற்றங்கரையில் பீக்கனில் அவர் கட்டிய மரவீடு அந்த எல்லைக்குள்தான், ஆனால் ஊர் ஊராகப் பாடிப் பிழைப்பவருக்கு வீட்டு விலாசத்தால் என்ன பயன்?

இதற்கிடையில் சட்டம் இரண்டு முறை திசை மாறியது. கேள்வி எப்படி விசாரணைக்குத் தொடர்புடையது என்று சாட்சிக்கு விளக்க வேண்டும் என்று 1957-ல் வாட்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, குழுவை எதிர்த்தவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 1959-ல் கல்லூரி ஆசிரியர் பேரன்பிளாட் வழக்கில் அதே நீதிமன்றம், முதல் திருத்தத்தைச் சொல்லி மறுத்தவரின் தண்டனையை 5-க்கு 4 என்று உறுதி செய்தது. 1961 பிப்ரவரி 27-ல் வில்கின்சன், பிரேடன் வழக்குகளிலும் அதே 5-க்கு 4. ஒரு மாதம் கழித்து மார்ச் கடைசியில் சீகரின் விசாரணை. அவருடைய முதன்மை வாதம் நீதிமன்றத்துக்குள் நுழையும் முன்பே செத்துவிட்டிருந்தது.

நீதிபதி தாமஸ் மர்ஃபி, சோவியத் உளவாளி என்று குற்றம்சாட்டப்பட்ட அரசு அதிகாரி ஆல்ஜர் ஹிஸ் மீதான வழக்கை அரசுத் தரப்பில் நடத்தியவர். ஜூரி பத்துக் குற்றங்களிலும் குற்றவாளி என்றது. ஏப்ரல் 4-ல் ஒவ்வொன்றுக்கும் 1 ஆண்டு, அனைத்தையும் ஒரே காலத்தில் அனுபவிக்கும்படி தண்டனை. அங்கேயும் சீகர், குழு துருவிய அந்தப் பாட்டைப் பாட அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. சில மணி நேரம் லாக்கப், பிறகு மேல்முறையீட்டு ஜாமீன்.

அரசு தோற்ற இடம்

1962 மே 18-ல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் இர்விங் காஃப்மன், சோவியத்துக்கு அணுகுண்டு ரகசியம் தந்ததாக ரோசன்பெர்க் தம்பதிக்கு மரண தண்டனை விதித்த அதே நீதிபதி. காரணம் பேச்சுச் சுதந்திரம் அல்ல, குற்றப்பத்திரிகையில் இருந்த ஓட்டை.

விஷயம் இப்படி. கேள்வி கேட்டது முழுச் சபை அல்ல, ஒரு துணைக்குழு. சபை தன் அதிகாரத்தைக் குழுவுக்குத் தர வேண்டும், குழு அதைத் துணைக்குழுவுக்குத் தர வேண்டும், தந்தது எந்தப் பொருளை விசாரிக்க என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றால், மேசைக்கு எதிரே இருப்பவர்கள் வெறும் மூன்று பேர்தான், அவர்களுக்குப் பதில் சொல்லாதது குற்றமே ஆகாது. அதனால் துணைக்குழுவின் அதிகாரம் குற்றத்தின் ஓர் உறுப்பு, அதைக் குற்றப்பத்திரிகையே சரியாகச் சொல்லியாக வேண்டும். சீகர் மீதான குற்றப்பத்திரிகை அந்த அதிகாரத்தைப் பிழையாக வரையறுத்திருந்தது. அனுதாபத்துக்குத் தகுதியற்றவராகத் தோன்றக்கூடிய ஒருவர் எழுப்புகிறார் என்பதற்காக அரசியலமைப்பு சார்ந்த கோரிக்கையை லேசாகத் தள்ளிவிட முடியாது என்றும் காஃப்மன் எழுதினார். பாராட்டா குத்தலா என்று பிரிக்க முடியாத வாக்கியம்.

மூன்று நாள் கழித்து, மே 21-ல், ரஸ்ஸல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இத்தகைய குற்றப்பத்திரிகைகளில் விசாரணைப் பொருள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லிப் பல தண்டனைகளை ரத்து செய்தது. சீகர் மீது அரசு புதிய குற்றப்பத்திரிகை போடவில்லை.

ஆக, கேட்க உனக்கு உரிமையில்லை என்ற வாதத்தை எந்த நீதிமன்றமும் ஏற்கவில்லை. கேட்கும் உரிமையைச் சரியாக எழுதத் தெரியவில்லை என்பதால்தான் அரசு தோற்றது.

தீர்ப்பு எட்டாத தடை

தண்டனை ரத்தானதும் தடை நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை, ஏனென்றால் தடையை விதித்தது நீதிமன்றம் அல்ல. கறுப்புப் பட்டியல் தனியார் ஏற்பாடு: பட்டியல் நூல், அதைப் பார்த்துப் பயந்த விளம்பரதாரர், விளம்பரதாரருக்குப் பயந்த ஒளிபரப்பாளர். உத்தரவு இல்லாததால் மேல்முறையீடும் இல்லை. 1963 ஏப்ரலில் ஏ.பி.சி. தொலைக்காட்சி 'ஹூட்டனானி' என்ற நாட்டுப்பாடல் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அந்தச் சொல்லையே இசைக்கூடல் என்ற பொருளில் பரப்பியவர்கள் சீகரும் கத்ரியும், ஆனாலும் அவருக்கு இடமில்லை. விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்திட்டால் பார்க்கலாம் என்றார்கள். பாடகி ஜோன் பயஸ் முதலிய பலர் நிகழ்ச்சியைப் புறக்கணித்தார்கள்.

அரசு அமைப்பு தடை போட்ட இடத்தில் மட்டும் சட்டம் உதவியது. 1960-ல் சான் டியேகோ கல்வி வாரியம், பள்ளி அரங்கில் பாடுமுன் கம்யூனிசத்தைப் பரப்ப மாட்டேன் என்று உறுதிமொழி எழுதித் தரச் சொன்னது. மறுத்தார். நீதிமன்றம் வாரியத்தைத் தடுத்தது, மே 14 கச்சேரி நடந்தது. 2009-ல் வாரியம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது.

1950 முதல் 1967 வரையிலான இந்தப் பதினேழு வருடத்தில் அவர் எப்படிப் பிழைத்தார் என்பதுதான் தொழில்முறைப் பாடகர்கள் படிக்க வேண்டிய பகுதி. கணக்கு, தேதி, பயண ஏற்பாடு அனைத்தும் மனைவி டோஷியின் கையில். பெரிய அரங்கம் மூடியிருந்ததால் கல்லூரிகள், பள்ளிகள், கோடைக்கால முகாம்கள். ஊருக்குள் வந்ததும் உள்ளூர் வானொலியில் போய் உட்கார்ந்து பாடிவிடுவார். அமெரிக்கன் லீஜியன் எதிர்ப்புக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் கச்சேரியும் முடிந்திருக்கும். ஃபோக்வேஸ் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவுக்கு மேல் பதிவாகத் தந்தார், விற்பனை குறைவு, ஆனால் தன் விற்பனைப் பட்டியலிலிருந்து எந்தத் தட்டையும் நீக்காத நிறுவனம் அது. முகாமில் அவரிடம் பாட்டுக் கற்ற பிள்ளைகள் 1960-களில் கல்லூரிக்குப் போனார்கள், நாட்டுப்பாடல் அலை அங்கிருந்துதான் எழுந்தது. தொலைக்காட்சியில் இடம் கொடுத்திருந்தால் ஒருவேளை அவர் இவ்வளவு ஆபத்தானவராக ஆகியிருக்க மாட்டார்.

கூட்டத்தைப் பாட வைக்கும் அவர் முறையில் மாயம் எதுவும் இல்லை. தாளில் அச்சடித்த பாட்டு கிடையாது. ஒரு வரி முடியும் இடத்தில், தாளம் நிற்காமலே, அடுத்த வரியைப் பேச்சாகச் சொல்லிவிடுவார். கூட்டம் அதைப் பாடும். பழைய தேவாலயங்களில் புத்தகமில்லாத சபைகளுக்கு இருந்த வழக்கத்தின் நீட்சி இது. அரை மாத்திரை தாமதித்துச் சொன்னால் பாதிக் கூட்டம் முணுமுணுப்பில் தங்கிவிடும். சுருதி ஏறிவிட்டால் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

சுருதிக்காகவே அவர் பேஞ்சோவை மாற்றினார். வழக்கமான ஐந்து தந்திப் பேஞ்சோவின் கழுத்தைத் தலைப்பக்கம் மூன்று ஃப்ரெட் (சுருதிப் படியைக் குறிக்கும் குறுக்குக் கம்பி) நீட்டினார். வழக்கமான 22 ஃப்ரெட் 25 ஆனது. திறந்த தந்திகளின் சுருதி ஜி-யிலிருந்து ஈ-க்கு இறங்கியது, சாதாரண மனிதக் குரலுக்கு வசதியான இடம். குட்டைத் தந்தியின் முளை பழைய இடத்திலேயே நின்றதால் ஐந்தாவது ஃப்ரெட்டில் இருந்தது எட்டாவதுக்கு வந்தது. மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் பிடிப்பான்) மாட்டினால் பழைய பேஞ்சோ திரும்பக் கிடைக்கும். கேப்போ இல்லாமல் ஜி-க்கு முறுக்கினால் நீண்ட தந்தி தாங்காமல் அறுந்துபோகலாம். கழுத்து நீண்டதால் கீழ் ஃப்ரெட்களில் விரலை அகலமாக விரிக்க வேண்டியிருப்பது இன்னொரு விலை.

1967 செப்டம்பர் 10-ல் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் சி.பி.எஸ். நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார்கள். ஆழம் தெரியாத ஆற்றில் படையை இறங்கச் சொல்லும் அதிகாரியைப் பற்றிய அவர் பாட்டு, ஜனாதிபதி ஜான்சனைக் குறிக்கிறது என்று நிறுவனம் வெட்டியது. சகோதரர்கள் விடவில்லை, 1968 பிப்ரவரியில் மறுபடி அழைத்தார்கள். பாட்டு முழுவதும் ஒளிபரப்பானது.

அவர் மேல் நிற்கும் கணக்கு

கட்சியை விட்ட பிறகும் ஸ்டாலின் கொடுமைகளைப் பற்றி சீகர் நெடுங்காலம் உரக்கப் பேசவில்லை. 1965-ல் சோவியத் ஒன்றியத்துக்குப் போனபோது உழைப்பு முகாம்களைக் காட்டும்படி கேட்டிருக்க வேண்டும் என்று, 2007-ல் அவருடைய முன்னாள் பேஞ்சோ மாணவரும் கம்யூனிச எதிர்ப்பாளராக மாறியவருமான ரொனால்ட் ரடோஷ் விமர்சித்தபோதுதான் ஒத்துக்கொண்டார். ஸ்டாலினைச் சாடி ஒரு பாட்டும் எழுதி அனுப்பினார், அப்போது வயது 88. மிகத் தாமதம், சந்தேகமில்லை. ஆனால் 1955-ன் குழு கேட்டது ஸ்டாலினைப் பற்றியல்ல, அலர்ட்டன் புதுமனை விழாவைப் பற்றி. கட்சியின் போக்கைக் கண்ணை மூடிப் பின்பற்றியதற்கும் ஸ்டாலினின் கொடூரத்தை உணராததற்கும் 1993-ல் வெளியான தன் நூலில் அவரே மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். அதில் யாருடைய பெயரையும் யாரும் கட்டாயப்படுத்திக் கேட்கவில்லை.